மூன்று குளிர்விப்பான்கள், நான்கு திருகுகள்

நேற்று இரவு பதினொன்றே முக்காலுக்குக் கணினித் திரையில் பிராசசரின் வெப்பம் 92 என்று நின்றது. அரை மணி நேரம் முழுச் சுமை ஓடி, 253 வாட்டில் ஒரு வாட் குறையாமல் இழுத்த பிறகு 92 டிகிரி. அறைக்குள் 30. ஊர் திருச்சி, மாதம் மே, கத்திரி இன்னும் கழியவில்லை. இந்த எண்ணுக்காக ஆறு வாரமும், பிராசசருக்கும் குளிர்விப்பானுக்கும் நடுவில் பூசும் பேஸ்ட் ஒன்றரை டியூபும், அப்பாவின் பழைய வேட்டி ஒன்றும் போயிருக்கின்றன.

பிராசசர் இன்டெல் கோர் ஐ7 14700கே. 20 கோர், 28 திரெட், உச்ச வரம்பு 253 வாட். 100 டிகிரியைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டுக்காக வாங்கவில்லை. கோபுரங்களின் சுதைச் சிற்பங்களை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒவ்வொன்றாக வடித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவது நிலை வந்ததுமே காட்சி கிராபிக்ஸ் அட்டையின் நினைவகத்துக்குள் அடங்கவில்லை. அதனால் ரெண்டரிங், அதாவது காட்சியைப் படமாக்கும் வேலை, முழுவதும் பிராசசரின் தலையில்தான் விழுகிறது. ராத்திரி எட்டுக்குப் போட்டால் விடியற்காலை வரை ஓடும். (இந்தத் தலைமுறை பிராசசர்கள் நிலைகுலையும் குறைக்கு 2024இல் இன்டெல் கொடுத்த மைக்ரோகோடு திருத்தங்களை ஏற்றியாகிவிட்டது. அதைப் பற்றிக் கேட்டு யாரும் எழுத வேண்டாம்.)

ஒப்பிட எடுத்துக்கொண்டவை மூன்று நீர்க் குளிர்விப்பான்கள். பிராசசரின் மேல் உட்காரும் செப்புத் தகடு வெப்பத்தை நீரில் ஏற்றும், பம்ப் அந்த நீரைத் தள்ளும், விசிறி மாட்டிய ரேடியேட்டர் வெப்பத்தை வெளியேற்றும். 240, 360 என்பவை ரேடியேட்டரின் அளவு: 120 மி.மீ. விசிறி இரண்டா, மூன்றா என்பதுதான் கணக்கு. நிறுவனப் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு உருப்படியை வைத்துக்கொண்டு ஒருவரைப் புகழ்வதும் இன்னொருவரைப் பழிப்பதும் நியாயமில்லை. கிழவன்: பழைய கணினியில் நான்கு ஆண்டு உழைத்த 240. ஒல்லி: வழக்கமான 27 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட 360, கோவை நண்பரிடம் இரவல். தடியன்: 38 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட 360, என் சொந்தப் பணம். ஆர்க்டிக் நிறுவனத்தின் லிக்விட் ஃப்ரீசர் குளிர்விப்பான் வரிசைக்குப் பிறகு இந்தத் தடிமனைத் தேடி அலைகிறவர்களில் நானும் ஒருவன்.

கிழவனைப் பற்றி ஒரு புலம்பல். காலையில் கணினியைப் போட்டதும் பசித்த வயிறு மாதிரி கடகடவென்று சத்தம் போடுகிறான். ரப்பர் குழாய் வழியாக ஆண்டுக்கணக்கில் நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஆவியாகி, உள்ளே காற்று சேர்ந்துவிட்டது. ரேடியேட்டர் பம்ப்பைவிட உயரமாக இருக்கும்படி மாற்றியதும் காற்று மேலே ஏறிச் சத்தம் பாதியாகக் குறைந்தது. உத்தரவாதம் இன்னும் இருக்கிறதே என்று சேவை மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரிஜினல் அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்டார்கள். நான்கு வருடத்துக்கு முந்தைய அட்டைப்பெட்டியை யார் வீட்டில் வைத்திருக்கிறார்கள்?

சோதனை முறை இது. ஏசி ரிமோட்டில் அதிகபட்சமாகப் போகும் எண் 30. எனவே அறை 30. விசிறிகள் எல்லாவற்றிலும் நிமிடத்துக்கு 1400 சுற்று, பம்ப் முழு வேகம், பிராசசரை முழுச் சுமையில் ஓட்டி மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருள் அரை மணி நேரம் தொடர்ச்சியாக. பத்து நிமிடம் போதாது. நீர் சூடேறி நிலைக்க இருபது நிமிடம் பிடிக்கிறது. முதல் இரண்டு நிமிடத்தில் கிழவனும் தடியனும் அண்ணன் தம்பி மாதிரியே தெரிவார்கள். கூடவே ஒரு வெப்ப உணரியை ரேடியேட்டரிலிருந்து பம்ப்புக்குத் திரும்பும் குழாயின் மேல் ஒட்டி, பஞ்சு வைத்துச் சுற்றிவிட்டேன். குழாய்க்கு வெளியே அளப்பதால் உண்மையான நீர் வெப்பத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். மூன்றுக்கும் அதே உணரி, அதே பஞ்சு என்பதால் ஒப்பிடப் போதும்.

முதல் சுற்றில் மூன்றும் 100. கிழவன் 100, ஒல்லி 100, தடியன் 100. பேஸ்ட் மாற்றினேன். மறுபடி 100. பம்ப் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன், ஓடியது. தடியனைக் கழற்றி மாட்டினேன், விசிறிகளைத் திருப்பிப் போட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. டிகிரியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் பக்கத்துப் பத்தியில் இருந்த வாட் கணக்கு கண்ணில் படவே ஒரு வாரம் ஆயிற்று. 100ஐத் தொட்டதும் பிராசசர் மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது: கிழவனில் 221 வாட், ஒல்லியில் 236, தடியனில் 246. நீரின் சூடு முறையே 47, 44, 42.

இங்கேதான் பேனாவை எடுத்தேன். நீருக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தை வாட்டால் வகுத்தால், ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி என்று ரேடியேட்டரின் தரம் தெரியும்; எண் குறையக் குறைய நல்லது. கிழவன் 0.077, ஒல்லி 0.059, தடியன் 0.049. சரி, பெரியது பெரியதாகத்தான் வேலை செய்கிறது. பிராசசருக்கும் நீருக்கும் உள்ள வித்தியாசத்தை வகுத்தால் மூன்றிலும் 0.24. மூன்று வேறு வேறு செப்புத் தகடுகள், மூன்று வேறு பம்ப்புகள், ஒன்றுக்கு நான்கு வயது, ஆனாலும் ஒரே 0.24. ரேடியேட்டர் கையில் இருக்கும் பங்கைவிட இது மூன்று, நான்கு, தடியனில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. வெப்பம் நீருக்குள் இறங்கவே திணறுகிறது. இறங்கியதை யார் அழகாக வெளியேற்றுகிறார்கள் என்று நான் பந்தயம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

பிராசசரைக் கழற்றி, துடைத்து, ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை நீளவாக்கில் அதன் மேல் நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்தேன். இரண்டு முனையிலும் இருட்டு. நடுவில் மயிரிழை தடிமனில் ஒரு வெளிச்சக் கோடு. பேஸ்ட் பதிவும் அதையேதான் சொல்லியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை: முனைகளில் செம்பு தெரியும் அளவுக்கு மெல்லியதாகவும் நடுவில் தயிர் போலக் கெட்டியாகவும் இருந்தது.

மதர்போர்டில் பிராசசர் உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டின் பழைய கதை இது. 2021 இறுதியில் பன்னிரண்டாம் தலைமுறையோடு வந்தது. பிராசசர் 45க்கு 37.5 மி.மீ. நீள்சதுரம், நெம்புகோல் பூட்டு அதை நீளப் பக்கங்களின் நடுவில் இரண்டே இடத்தில் அழுத்துகிறது. நடுவில் அழுத்தினால் நடு தாழும், முனை தூக்கும். 2022இல் ஜெர்மனியின் வன்பொருள் விமர்சகர் இகோர் வால்லாசெக் பூட்டின் திருகுகளுக்கு அடியில் 1 மி.மீ. வாஷர் வைத்து அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினார். பின்னர் தெர்மல் கிரிஸ்லி, தெர்மல்ரைட் இரண்டு நிறுவனங்களும் பூட்டையே எடுத்துவிட்டு நான்கு பக்கமும் சீராக அழுத்தும் கான்டாக்ட் பிரேம் என்ற சட்டங்களை விற்கத் தொடங்கின. இந்த வளைவு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது, பூட்டை மாற்றினால் உத்தரவாதம் போகலாம் என்பது இன்டெலின் பதில். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தே, ‘நம்முடையது வளைந்திருக்காது’ என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சட்டத்தை ரிச்சி தெருவில் வாங்கினேன். சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன சாக்கு. முதல் கடையில் அப்படி ஒன்று இருப்பதையே நம்பவில்லை, இரண்டாவது கடையில் காற்றுக் குளிர்விப்பானின் கிளிப்பை எடுத்து நீட்டினார்கள், மூன்றாவது கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “கறுப்பா, சிவப்பா?” என்று கேட்டார். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அங்கேயே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் ஒரு பாட்டில். துடைப்பதற்கு எத்தனையோ வகைத் துணி விற்கிறார்கள்; பலமுறை துவைத்து நைந்த நாலு முழ வேட்டிக்கு ஈடாக ஒன்றும் இல்லை. ஒரு நூல்கூடப் பிரியாது.

இனி திருகு. மதர்போர்டை வெளியே எடுத்துத் தட்டையாகப் படுக்க வைத்தே தீர வேண்டும். பூட்டின் நான்கு திருகுகளைக் கழற்றியதும் பின்பக்கத் தகடும் கையோடு வந்துவிடும். நின்ற நிலையில் கழற்றினால் அது கேபினெட்டுக்குள் விழுந்து உருளும் சத்தத்தை மறக்கவே முடியாது. பூட்டைத் தூக்கும்போது அடியில் 1700 ஊசிகள் திறந்து கிடக்கின்றன என்ற நினைப்பிலேயே எனக்கு உள்ளங்கை வியர்த்தது. பிராசசரை வைத்து, மேலே சட்டத்தை இறக்கி, திருகுகளை விரலால் தட்டுப்படும் வரை முடுக்கினேன். அதன் பிறகு எவ்வளவு? அங்கேதான் வழுக்கினேன். பத்தாம் வகுப்புப் படிக்கும்போது சைக்கிள் கடையில் கழித்த கோடை விடுமுறை கையில் இன்னும் இருக்கிறது; கை தானாகவே அரைச் சுற்றுக் கொடுத்துவிட்டது.

எல்லாவற்றையும் மாட்டிப் போட்டேன். கணினி உயிர் பெற்றது, விண்டோஸ் வந்தது, வெப்பமும் குறைந்திருந்தது. குதிக்காத குறை. ரெண்டரைப் போட்டால் நினைவகம் போதவில்லை என்று நின்றது. 32 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 16. ஒரு ராம் செத்துவிட்டது என்று முடிவு கட்டி இடம் மாற்றிப் போட்டேன். எந்த ராமைப் போட்டாலும் அதே ஸ்லாட் மட்டும் ஊமை. கோவைக்குப் போன் போட்டேன். நண்பர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும், “எவ்வளவு முடுக்கினீர்கள், தம்பி?” என்றார். அரைச் சுற்று என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அது என்ன லாரி டயரா?” என்றார்.

நினைவகத்தோடு பேசும் ஊசிகளும் அதே சாக்கெட்டில்தான் இருக்கின்றன. சட்டம் ஒரு பக்கம் கூடுதலாக இறுகினால் சில ஊசிகள் சரியாகப் படுவதில்லை. நினைவகத்துக்கான ஒரு பாதை (சேனல்) முழுவதும் காணாமல் போகிறது. தளர்வாக விட்டாலும் இதேதான். அதையும் அடுத்த முயற்சியில் நேரில் பார்த்தேன், கணினி எழவே இல்லை.

மூன்றாவது முயற்சிக்கு முன் ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒயிட்னரால் ஒரு புள்ளி வைத்தேன். விரலால் தட்டுப்படும் நிலையில் நான்கு புள்ளிகளும் எங்கே நிற்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொண்டேன். சட்டத்தோடு வரும் எல் வடிவச் சாவியின் நீளமான கையைப் பிடித்துத் திருப்பக் கூடாது; அந்த நீளமே வலுவைக் கூட்டிவிடும். குட்டைக் கையை இரண்டு விரலுக்கு இடையே வைத்துத்தான் திருப்ப வேண்டும். மேல் இடது, கீழ் வலது, மேல் வலது, கீழ் இடது. ஒவ்வொன்றுக்கும் கால் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது கடிகார முள்ளில் ஐந்து நிமிடம். மூன்று சுற்று வந்தால் நான்கும் சரியாகக் கால் சுற்று. இடையில் ஒரு திருகு மற்றவற்றைவிடச் சுலபமாகச் சுழன்றது. கையை எடுத்துவிட்டு யோசித்தேன். அடித் தகடு அந்த மூலையில் அட்டைப்பெட்டியின் மடிப்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. முழுவதும் தளர்த்தி, பெட்டியைத் தள்ளிவைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

32 ஜிபி. ஸ்கேலை மறுபடி வைத்துப் பார்த்தேன். கோடு முற்றிலும் மறையவில்லை, ஆனால் தேடினால்தான் தெரிகிறது. ஒன்றரை ஆண்டாக வளைந்து கிடந்த உலோகம் ஒரே நாளில் நிமிருமா?

இப்போது 0.24 என்பது 0.20 ஆகிவிட்டது. தடியன் 92. ஒல்லி 95. கிழவன் 100ஐத் தொட்டுத் தொட்டு மீண்டாலும் வாட்டை விடாமல் 250க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டான், கடகட சத்தத்தோடு. கணக்குப் பார்த்தால் ஒல்லியிலிருந்து தடியனுக்குத் தாவ நான் கொடுத்தது மூவாயிரம் ரூபாய், கிடைத்தது 3 டிகிரி. ஆயிரம் ரூபாய்ச் சட்டம் கொடுத்தது, குறைந்த 0.04ஐ 253 வாட்டால் பெருக்கினால், 10. புதிய எல்ஜிஏ1851 சாக்கெட்டில் அழுத்தம் குறைந்த பூட்டு ஒன்றையும் வைத்துச் சில போர்டுகள் வருகின்றன. இனி மதர்போர்டு வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் சும்மா செய்து பார்த்தேன். வரம்பை 253இலிருந்து 200 வாட்டுக்கு இறக்கினேன். சினிபெஞ்ச் மதிப்பெண் நாலு சதவீதம்தான் இறங்கியது. தடியன் 79, கிழவன்கூட 85. இதை முதல் நாளே செய்திருந்தால் மூன்று பேரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். ஆனால் அப்படிச் செய்துவிட்டால் பிறகு நமக்கு என்ன வேலை? ரெண்டருக்கு இப்போது 200லேயே வைத்திருக்கிறேன் என்பதை மட்டும் மெல்லிய குரலில் சொல்லிவிடுகிறேன்.

பேஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்க்டிக் எம்எக்ஸ்-6, நடுவில் ஒரு பெரிய சிலுவையும் நான்கு மூலையில் நான்கு புள்ளியும். சட்டம் போட்ட பிறகு பக்கவாட்டில் வழிந்தால் துடைக்க இடமில்லாமல் இடுக்கில் புகுந்துகொள்கிறது. முதல் முறை பல்குத்தும் குச்சியில் வேட்டித் துணியைச் சுற்றி அரை மணி நேரம் நோண்டினேன்.

எஞ்சியிருப்பது மாட்டுவது. அதில்தான் சிக்கல். 38 மி.மீ. ரேடியேட்டரும் 25 மி.மீ. விசிறியும் சேர்ந்தால் 63. என் கேபினெட்டின் கூரைக்கும் மதர்போர்டின் ஹீட் சின்க்குக்கும் இடையே அட்டை வெட்டி வைத்து அளந்தேன்: 58. வாங்கும்போது நீளத்தைப் பார்த்தேன், தடிமனைப் பார்க்கவில்லை. முன்பக்கம் வைக்கலாம் என்றால் கிராபிக்ஸ் அட்டை இடிக்கிறது. கூரையை வெட்டி, விசிறிகளை வெளியே மேலே உட்கார வைக்கலாம் என்று திட்டம். துவாக்குடியில் தெரிந்த ஷீட் மெட்டல் பட்டறை ஒன்று இருக்கிறது, சனிக்கிழமை கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு போகிறேன். வெட்டுகிற கையோடு பக்கவாட்டில் தூசி வடிகட்டிக்கும் ஒரு சட்டம் அடித்துவிடலாமா என்று இப்போதே வரைய ஆரம்பித்துவிட்டேன்.

அதுவரை மதர்போர்டு அதன் அட்டைப்பெட்டியின் மேலும், தடியன் பக்கத்து ஸ்டூலிலும் கிடக்கிறார்கள். ஒல்லியைப் பொட்டலம் கட்டியாகிவிட்டது, நாளை கோவைக்குக் கூரியர். ராத்திரி மேலேயிருந்து பல்லி விழுந்துவிடக் கூடாதே என்று சாப்பாட்டு மேசையின் வலைக்கூடையை எடுத்து மதர்போர்டின் மேல் கவிழ்த்து வைத்தேன். இட்லியை மூட ஒன்றும் இல்லை என்று காலையிலேயே புகார் வந்துவிட்டது.