எஃப்என்யூ என்ற பெயரில் ஒரு கைதுப் பதிவு: டெக்சாஸ் கவுண்டிகளில் நான் தேடிய கதை

2022 நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும். தம்பியின் ரூம்மேட்டிடமிருந்து போன். “அண்ணா, அவனைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கவுண்டி ஜெயில்னு மட்டும்தான் சொன்னாங்க. என்ன பண்றதுன்னே தெரியலண்ணா.”

தம்பி என்றால் சித்தி மகன். ஹூஸ்டனுக்கு எம்.எஸ். படிக்க வந்து பதினைந்து மாதம் ஆகியிருந்தது. மூன்று பேராகக் கேட்டி என்ற ஊர்ப் பக்கம் ஒரு நண்பன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். திரும்பும் வழியில் ஒரு பெரிய கடையில் சாமான் வாங்கியிருக்கிறார்கள். நாமே ஸ்கேன் செய்து பணம் கட்டும் வரிசை. தள்ளுவண்டியின் அடித்தட்டில் இருந்த எலக்ட்ரிக் குக்கர் மட்டும் ஸ்கேன் ஆகவில்லை. வாசலில் நிறுத்திவிட்டார்கள். “மறந்துட்டேன், இப்பவே கட்டிடறேன்” என்று அவன் சொன்னது எடுபடவில்லை.

திண்டுக்கல்லில் அப்போது ஞாயிறு காலை பதினொரு மணி. ஒவ்வொரு ஞாயிறும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சித்திக்கு அவன் வீடியோ காலில் வருவான். அதற்குள் அவன் எங்கே இருக்கிறான் என்றாவது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் செய்த முதல் தவறு, ஹூஸ்டன் என்றாலே ஹாரிஸ் கவுண்டி என்று நினைத்தது. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பகுதி. ஹாரிஸ் ஷெரிப் அலுவலகத் தளத்தில் ஜெயிலில் இருப்பவர்களைப் பெயர் போட்டுத் தேடலாம். தேடினேன், வரவில்லை. அரைமணிக்கு ஒருமுறை தேடினேன், அப்போதும் வரவில்லை. கைரேகை, புகைப்படம், உடமைக் கணக்கு எல்லாம் முடிந்து பெயர் கணினியில் ஏறவே பல மணி நேரம் ஆகும் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் பொறுமையாக, தப்பான இடத்தில் தேடிக்கொண்டே இருந்தேன்.

டெக்சாஸில் 254 கவுண்டிகள். கேட்டி என்ற ஒரு சின்ன ஊரே ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என மூன்று கவுண்டிகளில் கிடக்கிறது. முகவரியில் கேட்டி என்று இருந்தால் எந்தக் கவுண்டி என்று சொல்லவே முடியாது. ஒன்றரை மணிக்குத்தான் அந்தக் கடையின் முகவரியை வரைபடத்தில் போட்டு, கவுண்டி எல்லைக் கோடு எங்கே போகிறது என்று பார்த்தேன். கடை ஃபோர்ட் பெண்டில் இருந்தது. நாம் எங்கே குடியிருக்கிறோம் என்பது கணக்கில்லை. சம்பவம் எந்தக் கவுண்டியில் நடந்ததோ அங்கேதான் ஜெயில், அங்கேதான் கோர்ட், அங்கேதான் பதிவு. ஃபோர்ட் பெண்டுக்குத் தலைநகர் ரிச்மண்ட். என் வீட்டிலிருந்து அரைமணி நேர வண்டி.

சரி, ஃபோர்ட் பெண்டில் தேடினால் அங்கேயும் இல்லை. அப்போதுதான் பெயர் விஷயம் உறைத்தது.

தம்பியின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. நம்மில் நிறையப் பேருக்கு அப்படித்தான். இனிஷியலோடு வாழ்ந்துவிட்டு, பாஸ்போர்ட்டுக்கு ஒற்றைப் பெயரைக் கொடுத்திருப்போம். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். முதல் பெயர்க் கட்டத்தில் எஃப்என்யூ என்று மூன்று எழுத்து விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. டிரைவிங் லைசென்ஸிலும் அதுவே வந்துவிடும். நானோ அவன் பெயரை முதல் பெயராகவும், சித்தப்பா பெயரைக் கடைசிப் பெயராகவும் போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதல் பெயரைக் காலியாக விட்டேன். இரண்டு பதிவுகள் வந்தன. இரண்டும் எஃப்என்யூ, இரண்டும் அதே பெயர். ஒன்றில் பிறந்த வருடம் பத்து வருடம் முந்தியது. இன்னொன்று எங்கள் பையன். மணி மூன்று நாற்பது.

அந்த இன்னொரு மனிதரை நான் பிறகும் நினைத்ததுண்டு. பெயரை மட்டும் பார்த்து யாராவது ஒரு வீட்டுக்காரர், ஒரு கம்பெனிக்காரர், அவர் வழக்கை எங்கள் பையன் தலையிலோ எங்கள் பையன் வழக்கை அவர் தலையிலோ எழுதிவிட முடியும். நம் ஆட்களின் பதிவைத் தேடும்போது பிறந்த தேதி பொருந்துகிறதா என்று பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது.

இதற்கு நடுவில் சித்தி போன் பண்ணிவிட்டாள். மறைக்கவில்லை. “கடையில பில் விஷயமா ஒரு பிரச்சினை சித்தி. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. நான் பார்த்துட்டிருக்கேன்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள், “எஃப்ஐஆர் போட்டுட்டாங்களாப்பா? பேப்பர்ல வந்துருமா?”

இரண்டாவது கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. டெக்சாஸின் பொதுத் தகவல் சட்டப்படி, கைதானவர் யார், என்ன குற்றச்சாட்டு, எங்கே கைது என்பது போன்ற அடிப்படைத் தகவல்களைப் போலீஸ் மறைக்க முடியாது. அரசு நிர்வாகச் சட்டத் தொகுப்பின் 552-ஆம் அத்தியாயம். யார் வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே கேட்கலாம். அந்த ராத்திரி எனக்கு இது கொடுமையாகத் தெரிந்தது. ஆனால் விடியும் நேரத்தில், யாரிடமும் கெஞ்சாமல், யாருக்கும் தெரிந்தவர் மூலம் சொல்லி அனுப்பாமல், ஒரு பிள்ளை எங்கே வைக்கப்பட்டிருக்கிறான் என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்ததும் அதே சட்டத்தால்தான். ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு போய், பிடித்ததே வெளியே தெரியாமல் வைத்திருக்கும் ஊரைவிட இது மேல் என்று இன்றைக்கு உறுதியாக நினைக்கிறேன்.

பதிவில் இருந்தது கொஞ்சம்தான். பெயர், பிறந்த வருடம், புக்கிங் எண், நேரம், குற்றச்சாட்டு, பாண்ட் (ஜாமீன்) தொகை, ஹோல்டு. ஹோல்டு என்ற கட்டத்தைத்தான் முதலில் பார்த்தேன். வேறு கவுண்டியோ குடிவரவுத் துறையோ அவனைக் கேட்டிருந்தால் அங்கே தெரியும். காலியாக இருந்தது. குற்றச்சாட்டு வரியில் திருட்டு, 100-க்கு மேல் 750-க்குக் கீழ், பக்கத்தில் எம்பி என்று இரண்டு எழுத்து. எம்பி என்றால் மிஸ்டிமீனர், அதாவது சின்னக் குற்றம், பி வகுப்பு: அதிகபட்சம் 180 நாள் கவுண்டி ஜெயில், 2,000 டாலர் அபராதம். திருடியதாகச் சொல்லப்படும் பொருள் 100 டாலருக்குக் குறைவாக இருந்தால் அது சி வகுப்பு, 500 டாலர் வரை அபராதம் மட்டும்தான். குக்கரின் விலை 119.

பாண்ட் கதையை நீட்ட விரும்பவில்லை. கைதானவரை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஞாயிறு காலையே நிறுத்தினார்கள். பாண்ட் ஏஜென்ட் மூலம் போனால் வழக்கமாகப் பத்து சதவீதம் அவருக்கு, அது திரும்பாது. முழுத் தொகையையும் நாமே கட்டினால், எல்லா வாய்தாவுக்கும் போனபின் வழக்கு முடியும்போது திரும்பக் கிடைக்கும். நான் கட்டினேன். சாயங்காலம் அவன் வெளியே வந்தபோது கையில் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பை. உள்ளே போன், பெல்ட், ஷூ லேஸ். வண்டியில் ஏறியதும் லேஸைக் கோக்க ஆரம்பித்தான். கை நடுங்கி ஓட்டைக்குள் போகவே இல்லை. நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாளிலிருந்து கோர்ட் பதிவைத் தேடினேன். ஜெயில் பதிவும் கோர்ட் பதிவும் வேறு வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஜெயில் பதிவு, அந்த ராத்திரி போலீஸ் என்ன சொன்னது என்பதோடு நின்றுவிடும். அரசு வக்கீல் வழக்குப் போட்டாரா, எந்தப் பிரிவில் போட்டார், கடைசியில் என்ன ஆனது எல்லாம் கோர்ட் கிளார்க்கிடம்தான் இருக்கும். ஹாரிஸில் சின்ன வழக்கு, பெரிய வழக்கு இரண்டையும் மாவட்டக் கிளார்க் வைத்திருக்கிறார். ஃபோர்ட் பெண்டில் ஃபெலனி எனப்படும் பெரிய வழக்கு மாவட்டக் கிளார்க்கிடம், மிஸ்டிமீனர் கவுண்டிக் கிளார்க்கிடம். இது தெரியாமல் இரண்டு வாரம் தப்பான கிளார்க்கின் தளத்தைப் பார்த்துவிட்டு “கேஸே போடலை போலிருக்கு” என்று சந்தோஷப்பட்டோம். போட்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் அந்தப் பக்கத்தைத் தினமும் பார்ப்பான். ஒரு நாள் ரீசெட் என்று வந்ததும் பதறிப்போய் போன் செய்தான். வாய்தா தள்ளிப்போயிருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. உண்மையில் பார்க்க வேண்டிய கட்டம் ஒன்றுதான்: டிஸ்போசிஷன், அதாவது வழக்கின் முடிவு. அது காலியாக இருக்கும்வரை அவன் குற்றம் சாட்டப்பட்டவன் மட்டுமே.

விசாவில் இருக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். முதல் முறை மாட்டிய மாணவர்களுக்கு இரண்டு வழி காட்டுவார்கள். ஒன்று, டிஃபர்டு அட்ஜுடிகேஷன், அதாவது தீர்ப்பைத் தள்ளிவைப்பது. டெக்சாஸ் சட்டத்தில் அது தண்டனைத் தீர்ப்பு ஆகாது. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு கோர்ட் கண்காணிப்பில் இருப்பதால் குடிவரவுச் சட்டம் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, விசாரணைக்கு முந்தைய சீர்திருத்தத் திட்டம். முடித்தால் வழக்கு தள்ளுபடி, பாதுகாப்பு என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் 2017-ல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் ஒரு டெக்சாஸ் வழக்கிலேயே, ஒப்புதல் வாக்குமூலத்தோடு நீதிபதி அனுமதித்த அப்படிப்பட்ட ஒப்பந்தமும் தண்டனைதான் என்று சொல்லிவிட்டது. குற்றவியல் வக்கீலோடு ஒரு குடிவரவு வக்கீலையும் பார்த்ததால்தான் எங்களுக்கு இது தெரிந்தது. அந்த ஒரு மணி நேர ஆலோசனைக் கட்டணத்தை நான் மனதாரக் கொடுத்தேன்.

அதனால் எதிலும் கையெழுத்துப் போடாமல் காத்திருந்தோம். போலீஸ் அறிக்கை கேட்டு நானே விண்ணப்பித்தேன். பத்து வேலை நாளில் அடிப்படைத் தகவல்கள் வந்தன. சம்பவ விவரம் வரவில்லை. நிலுவையில் உள்ள வழக்கில் அதை நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அரசுத் தரப்பு தன்னிடம் உள்ளதை எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காட்டியாக வேண்டும். செய்யாத கொலைக்குக் கிட்டத்தட்ட 25 வருடம் ஜெயிலில் இருந்த மைக்கேல் மார்ட்டனின் பெயரால் 2014 முதல் அமலில் இருக்கும் சட்டம் அது. அப்படி வந்த கடை வீடியோவில், தம்பி பன்னிரண்டு சாமான்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்கிறான், ஒரு பாக்கெட் இரண்டு முறை பதிந்ததைக்கூட ஆள் கூப்பிட்டுத் திருத்துகிறான். 2023 ஜூலையில் டிஸ்போசிஷன் கட்டத்தில் தள்ளுபடி என்று விழுந்தது.

அதோடு முடியும் என்று நினைத்தோம். செப்டம்பரில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது, பின்னணி விசாரிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் அறிக்கையில் ‘திருட்டு, நிலுவையில்’ என்று வந்தது. அவர்கள் நவம்பரில் எடுத்த நகலைப் புதுப்பிக்கவே இல்லை. இதற்கும் மத்திய அரசின் சட்டம் இருக்கிறது. தவறு என்று எழுதிக் கொடுத்தால் சாதாரணமாக 30 நாளுக்குள் விசாரித்துத் திருத்த வேண்டும். கிளார்க் முத்திரையிட்ட தள்ளுபடி ஆணையின் நகலோடு அனுப்பினோம், திருத்தினார்கள். அந்த வேலை அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கைதுப் புகைப்படம் போட்டுப் பிழைக்கும் தளம் ஒன்றிலும் அவன் முகம் இருந்தது. நீக்கக் காசு கேட்கும் இப்படிப்பட்ட தளங்களைக் கட்டுப்படுத்த டெக்சாஸ் 2013-லேயே சட்டம் கொண்டுவந்துவிட்டது, அதனால் யாராவது கேட்டால் உடனே கொடுத்துவிடாதீர்கள்.

பதிவையே அழிக்க எக்ஸ்பங்ஷன் என்று ஒரு மனு உண்டு. தள்ளுபடி ஆன மறுநாளே எல்லோருக்கும் கிடைத்துவிடாது. எங்கள் மாதிரி வழக்கில் மறுபடி வழக்குப் போடுவதற்கான கால வரம்பு முடிய வேண்டும் என்றார் வக்கீல். இப்படிப்பட்ட மிஸ்டிமீனருக்கு அது இரண்டு வருடம். 2025 தொடக்கத்தில் மனு போட்டோம். அந்த ஏப்ரலில்தான், போலீஸ் தரவுத்தளத்தில் பெயர் இருந்த ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகளை (மாணவர் விசாவில் இருப்பவர்களைக் கண்காணிக்கும் அரசுக் கணினிப் பதிவு) குடிவரவுத் துறை திடீரென்று ரத்து செய்தது. வழக்கு தள்ளுபடியானவர்களும் அதில் இருந்தார்கள். கோர்ட்டுகள் கேள்வி கேட்டபின் மாதக் கடைசியில் திரும்பக் கொடுக்கத் தொடங்கினார்கள். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க அவன் ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு மெசேஜ் அனுப்புவான்: “முழிச்சிருக்கியாண்ணா?”

அழிப்பதற்கு முன்னால் குடிவரவு வக்கீல் சொன்ன ஒரு விஷயம் எங்களைக் காப்பாற்றியது. டெக்சாஸ் அழித்தாலும், விசா படிவத்தில் எப்போதாவது கைதானதுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது தள்ளுபடியானதைக் காட்டக் காகிதம் வேண்டும். அழிந்தபின் கிளார்க்கிடம் போனால் கொடுக்க ஒன்றும் இருக்காது. அதனால் மனு போடுவதற்கு முன்பே ரிச்மண்ட் போய், குற்றச்சாட்டுப் பத்திரத்துக்கும் தள்ளுபடி ஆணைக்கும் முத்திரையிட்ட நகல் நான்கு செட் வாங்கினோம்.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் எங்கள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கடைசிப் பெயர்க் கட்டத்தில் அவன் பெயரை அவனே தட்டினான். ஒரே ஒரு பதிவு வந்தது. பிறந்த வருடம் பத்து வருடம் முந்தியது.

நகல்களில் ஒன்று வக்கீலிடம், ஒன்று என்னிடம், ஒன்று அவனிடம். நான்காவது திண்டுக்கல்லில் சித்தியின் பீரோவில், அவனுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு அடியில் இருக்கிறது.