சேணமும் தள்ளுபடியும்: நாட்குறிப்பு

அக்டோபர் 3

விலைத்தாள் வந்துவிட்டது. கான்பூர் பட்டறை. ஜம்பிங் சேணம் 10 எடுத்தால் நூற்றுக்கு 20 தள்ளுபடி. சேர்ந்து வாங்கலாம் என்று இலாயக் குழுவில் காலையிலிருந்து பெயர்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. தாளின் கடைசி வரியை மட்டும் யாரும் பேசவில்லை. பத்தும் ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே ட்ரீ (சேணத்துக்குள் இருக்கும் சட்டம்) அகலம்.

அக்டோபர் 4

ஒரே ட்ரீ அகலம். மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

இலாயத்தில் நிற்கிற முதுகுகளை வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். பந்தயத்திலிருந்து வந்த தரோபிரெட்களுக்கு விதர், அதாவது கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்து மேடு, உயர்ந்து மெலிந்திருக்கும். அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் சதை வற்றிய பள்ளம். மார்வாரிக் குதிரைகளுக்கு முதுகே குட்டை. பதினேழரை அங்குல இருக்கை வைத்தால் பின்பகுதி கடைசி விலாவைத் தாண்டி இடுப்பில் போய் உட்காரும். பயிற்சிக் குதிரைகளில் பாதி நல்ல அகலம், விதர் எங்கே என்று தேட வேண்டும்.

அகலமான ட்ரீயை ஒல்லிக் குதிரைக்குப் போட்டால் முன்வளைவு இறங்கி விதர் எலும்பில் உட்காரும். குறுகலானதைத் தடித்த குதிரைக்குப் போட்டால் ட்ரீயின் இரு முனைகளும் தோளுக்குப் பின்னால் குத்தும், முன்பக்கம் தூக்கி எடை முழுக்கப் பின்னால் சாயும். "நம்தா (சேணத்தின் அடிவிரிப்பு) கூட ஒண்ணு போட்டா சரியாப் போகும்" என்று குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். அகலம் கொஞ்சம் கூடியிருந்தால் அது தாங்கும். குறுகலாக இருந்தால், இறுகிய ஷூவுக்குள் இரண்டாவது சாக்ஸ் போடுகிற கதைதான்.

தள்ளுபடி கிடைப்பதே எல்லாம் ஒன்றுபோல் இருந்தால்தான். பட்டறைக்காரர் மேல் தப்பில்லை. ஒரே அச்சில் வெட்டி, ஒரே மூச்சில் தைத்தால்தான் அவருக்கும் விலை குறையும். முதுகு அப்படி வருவதில்லை.

அக்டோபர் 5

எங்கள் குதிரை மின்னலின் இடது தோளை யாரும் நினைக்கவில்லையா?

அக்டோபர் 8

இலாயத்தை நடத்தும் மேடத்திடம் சொல்லிவிட்டேன்: பணம் கட்டும் முன் ஒவ்வொரு குதிரைக்கும் அளவு எடுக்கலாம். "சீக்கிரம் எடுங்க, தீபாவளிக்கு முன்னாடி ஆர்டர் போயாகணும்" என்றார். குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் அவற்றைப் பிடித்துத் தந்தார்.

மற்ற இலாயக்காரர்களும் கேட்டதால் முறையை இங்கேயே எழுதி வைக்கிறேன். குதிரை சமதரையில், நான்கு காலிலும் சமமாக எடை போட்டு, தலை நேராக நிற்க வேண்டும். புல்லுக்குக் குனிந்திருக்கும்போது எடுத்த அளவு செல்லாது. கட்டட வரைபடக்காரர்கள் வைத்திருக்கும் வளையும் அளவுகோல் ஒன்று போதும், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு மூன்று விரல் பின்னால் கோலை வைத்து அழுத்துங்கள். உருவம் கலையாமல் எடுத்து அட்டையில் வரையுங்கள். இடம் வலம் குறிக்க மறந்தால் அட்டை வீண். இரண்டாவது வளைவு, சேணத்தின் நடுப்பகுதி வரும் இடத்தில். மூன்றாவது, கடைசி விலா முதுகெலும்பில் சேரும் இடத்தில். பிறகு விதரிலிருந்து அதுவரை முதுகின் நீளவாக்கில் ஒன்று. குதிரையின் பெயரும் தேதியும் எழுதுங்கள். தேதி முக்கியம். வேலையும் தீனியும் மாறினால் சில மாதங்களில் தோள்சதை மாறும், அட்டையும் பழசாகிவிடும்.

மின்னலின் அட்டையை நடுவில் மடித்துப் பார்த்தால் இரண்டு பாதியும் பொருந்தவில்லை. இடது பக்கம் தெளிவாகப் பெரிசு. விதருக்குக் கீழே அந்தப் பக்கம் வெள்ளை முடி ஒரு காசளவு இருக்கிறது. முன்பு எவருடைய சேணமோ அழுத்திய இடம். அந்த முடி இனி நிறம் திரும்பாது.

அக்டோபர் 9

ஹெல்மெட்டும் பட்டியலில் ஏறிவிட்டது. "மீடியம் 6, லார்ஜ் 4" என்று.

கூடாது. தலைச்சுற்றளவை புருவத்துக்கு மேலே நாடா வைத்து எடுத்தாலும் அது பாதி அளவுதான். வட்டத் தலைக்கு நீளவட்ட ஹெல்மெட் போட்டால் பக்கங்களில் வலிக்கும். நீளத் தலைக்கு வட்ட ஹெல்மெட் போட்டால் நெற்றியிலும் பின்னாலும் மட்டும் பிடித்து, பக்கவாட்டில் ஆடும். தாடைப்பட்டி போடாமல் தலையை ஆட்டிப் பார்க்கும்போது ஹெல்மெட்டோடு புருவத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். இதைக் கடையில் தலையில் வைத்துத்தான் பார்க்க முடியும்.

உள்ளே இருக்கும் லேபிளையும் படியுங்கள். ஏஎஸ்டிஎம் எஃப்1163, பிஏஎஸ் 015, விஜி1 01.040 போன்ற குதிரையேற்றத் தரக் குறி ஒன்று இருக்க வேண்டும். ஐஎஸ் 4151 என்று இருந்தால் அது மோட்டார் சைக்கிளுக்கு. தயாரித்த மாதமும் பாருங்கள். மலிவு விலைக்குக் குவித்து விற்கிறார்கள் என்றால் பழைய சரக்காகவும் இருக்கலாம். தலையில் அடி வாங்கிய ஹெல்மெட்டை, விரிசல் தெரியாவிட்டாலும், தூக்கிப் போட வேண்டும்.

அக்டோபர் 11

சென்னைப் பெரியமேட்டில் சேணம் தைக்கும் பாய் கடைக்குப் போனேன். பாய் ஒரு தோல் வாரை இரண்டு ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். மெழுகு தடவிய நூல், ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் ஊசி வரும். இந்தத் தையலில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் நடுவில் கொக்கி போட்டுக்கொள்வதோடு சரி. ஒரு இடத்தில் தேய்ந்தால் அங்கிருந்து வரிசையாகப் பிரியும். கர்த் என்னும் வயிற்றுப்பட்டையை மாட்டும் பில்லெட் வாரில் அது நடந்தால் சேணம் ஓட்டத்தில் சுழலும்.

குழு ஆர்டர் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. கோபம் இல்லை. "வாங்குங்க தம்பி. ரிப்பேருக்கு மட்டும் இங்க வராதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. 2024இல் ஊட்டிப் பந்தய மைதான நிலத்தை அரசு எடுத்துக்கொண்டதிலிருந்து, கோடையில் மலைக்குப் போகும் குதிரைகளுக்காக வந்த வேலை இல்லை என்றார். ரிப்பேரை மட்டும் வைத்துக் கடை வாடகை கட்ட முடியாது.

அக்டோபர் 12

கான்பூரைக் குறை சொல்லும் எண்ணமே இல்லை. 1860களில் ராணுவத்துக்காகச் சேணத் தொழிற்சாலை வந்த ஊர். கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஐரோப்பியப் பெயர் குத்தி ஐரோப்பாவில் விற்கும் சேணங்களில் எத்தனையோ கான்பூரில் தைத்தவை. நல்ல பட்டறைக்குச் சரியான அளவுத்தாள் அனுப்பினால் நல்ல சேணம் வரும். நாம் அனுப்பப்போவது ஒரே ஒரு அளவு.

அக்டோபர் 14

கணக்கு. 25,000 ரூபாய்ச் சேணத்தில் 20 சதவீதம் என்றால் மிச்சம் 5,000.

கூரியர் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து, இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு வாங்குகிறார்கள். 60, 50, 45 பெட்டி என்றால் 27 கிலோ. உள்ளே இருப்பதோ ஏழு கிலோ சேணம். கிலோவுக்கு 60 ரூபாய் என்று சொன்னார்கள்: 1,620. பொருந்தவில்லை என்று திருப்பினால் போக ஒரு 1,620, மாற்று வர இன்னொரு 1,620. ஐயாயிரத்தில் 140 ரூபாய்தான் மிச்சம்.

லாரி பார்சலில் போட்டால் செலவு குறையும், உண்மை. ஆனால் பாலித்தீன் சுற்றிய தோல், அடைமழைக் காலத்தில், கிடங்கில் எத்தனை நாள் கிடக்கும்?

பாயிடம் வாங்கினால் மூன்று அகலங்களை இலாயத்துக்கே கொண்டுவருவார். குதிரை மேல் வைத்துப் பார்த்து, இரண்டைத் திரும்ப எடுத்துப் போவார். புதுச் சேணத்தின் அடித்திண்டான பேனலில் நிரப்பிய கம்பளி அமுங்கி இறங்கும். சில மாதம் கழித்துப் பேனலைப் பிரித்து, நீளக் கம்பியால் இடம் பார்த்து நிரப்பிக் கொடுப்பார். விலையில் கூடுதலாகத் தெரிகிற பணம் இதற்குத்தான்.

அக்டோபர் 15

கால் வைக்கும் அங்கவடி "எல்லாருக்கும் 4.75 அங்குலம்" என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். சிறுவர் வகுப்புக்குமா? பூட்ஸின் அகலமான இடத்தை அளந்து இரண்டரை சென்டிமீட்டர் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். 9.5 செ.மீ. பூட்ஸுக்கு 12 சரி. 7.5 செ.மீ. பூட்ஸ் போட்ட குழந்தைக்கு 10 போதும். அதற்கு 12 கொடுத்தால் பாதம் முழுக்க உள்ளே புகுந்துவிடும். விழும்போது கால் சிக்கி, குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. பட்டியலில் அந்த 4.75 வரியை அடித்துவிட்டேன்.

அக்டோபர் 20

தீபாவளி. பட்டாசு முடியும்வரை யாரும் இலாயத்தை விட்டு நகரவில்லை. ஆர்டர் இன்னும் போகவில்லை.

அக்டோபர் 24

மாதிரிச் சேணம் ஒன்றும் கடிவாளம் ஒன்றும் வந்திருக்கின்றன.

சேணத்தைக் கவிழ்த்து, முன்வளைவின் நடுவிலிருந்து பின்மேட்டின் நடுவுக்கு நூல் கட்டினோம். நூல், முதுகெலும்புக்கு இடம்விடும் கால்வாயின் நடுவிலேயே ஓடுகிறது, ட்ரீ திருகவில்லை. கால்வாய் நெடுக மூன்று விரல் இடம். பில்லெட்டை மடக்கினால் மேல்பூச்சு வெடிக்கவில்லை. நல்ல வேலை.

கடிவாளம் வேறு இடத்துச் சரக்கு போலிருக்கிறது. பக்கிளில் காந்தம் ஒட்டுகிறது, நிக்கல் பூசிய இரும்பு. உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. ஈர வெள்ளைத்துணியால் லகானைத் தேய்த்தால் துணி கறுப்பு. அறுத்த நுனியில் உட்புறம் நீலச்சாம்பல் நிறம், குரோம் பதனிட்ட தோல். தாவரப் பதனீட்டுத் தோலாக இருந்தால் உள்ளேயும் பழுப்பாக இருக்கும். லகானுக்கு எனக்கு அதுதான் வேண்டும்.

பிறகு மின்னல். நம்தா இல்லாமல் சேணத்தை முன்னால் வைத்து, தானாக நிற்கும் இடம்வரை பின்னால் நகர்த்தினோம். விதருக்கு மேல் ஒரு விரல்கூட நுழையவில்லை. குறைந்தது இரண்டு விரல் வேண்டும், அதுவும் ஆள் ஏறிய பிறகு. அதே சேணம் பக்கத்துக் கொட்டடிக் குதிரைக்குக் கச்சிதம். அரை மணி ஓட்டிக் கழற்றியபோது வேர்வை இரண்டு பக்கமும் சீராகப் படிந்திருந்தது, அந்த ஈரத் தடங்களுக்குள் உலர்ந்த திட்டு ஒன்றும் இல்லை.

குழுவில் இரண்டு படத்தையும் போட்டேன்.

அக்டோபர் 25

நாலு பேர் பெயரை எடுத்துவிட்டார்கள். மேடம் என்மேல் வருத்தமாக இருக்கிறார். பத்து இல்லாவிட்டால் தள்ளுபடி இல்லை.

அக்டோபர் 27

மழை. தோல் அறையில் பூஞ்சை வாடை. பூத்ததை வெளியே கொண்டுபோய்த்தான் துடைக்க வேண்டும், அறைக்குள் தட்டினால் எல்லாவற்றிலும் பரவும். காய்ந்த துணியால் ஒருமுறை, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து நனைத்த துணியால் ஒருமுறை, நிழலில் காயவைத்து, மெல்லிசாகத் தோல் களிம்பு. எண்ணெயை ஊற்றிக் குளிப்பாட்டினால் நூல் அழுகும்.

அக்டோபர் 29

குழுவாக வாங்குவதை விட வேண்டாம், வேறு பொருளுக்கு மாற்றலாம். முதுகிலும் வாயிலும் தலையிலும் பொருந்த வேண்டியது எதுவோ அது தனித்தனியாக, அளந்து, பாயிடம். நம்தா, ஹால்டர் (தலையில் மாட்டும் வார்), கயிறு, பிரஷ், குளம்புக் கொக்கி, வாளி, ஈ முகமூடி, கால் பேண்டேஜ் இதெல்லாம் மொத்தமாக. இதில் தப்பாகப் போக வழி குறைவு. ஹால்டர் மட்டும் போனி, காப், ஃபுல் என்று சிறிசு, நடு, பெரிசாகப் பிரித்து எழுத வேண்டும்.

அந்த மொத்த ஆர்டரையும் பாய் பெயரில் போட்டால்? கடைக்காரருக்கு மொத்த விலை எப்படியும் கிடைக்கும். பெட்டி அவர் கடையில் இறங்கும். பிரித்துப் பார்த்துக் குறையுள்ளதைக் கழிப்பது அவர். நாங்கள் மொத்த விலைக்கு மேல் நூற்றுக்கு 10 அவருக்குக் கொடுப்போம். அப்போதும் தனியாக வாங்குவதைவிட எங்களுக்குக் குறைவு.

அக்டோபர் 30

மேடம், "அவர் ஒத்துக்குவாரா, முதல்ல கேளுங்க" என்றார். வருத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

நவம்பர் 1

பாய் ஒத்துக்கொண்டார். இரண்டு நிபந்தனை: பாதிப் பணம் முன்னதாக, பட்டியல் ஒரே தாளில், நடுவில் மாற்றக் கூடாது. மின்னலின் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறுகலான ட்ரீ, விதருக்காக முன்வளைவு பின்னுக்கு வெட்டியது ஒன்று பழசாக இருக்கிறதாம். பெரிய தோளுக்கு இடம் விட்டு, வலது பக்கம் கம்பளியைக் கூட்டிப் பார்க்கலாம் என்றார்.

நவம்பர் 3

ஹால்டர்: ஃபுல் 9, காப் 6, போனி 4. நம்தா வெள்ளை வேண்டாம், கறை போகாது. கர்த் நீளம் இன்னும் ஐந்து குதிரைக்கு வரவில்லை. சைஸ் அண்ணனிடம் நாடா கொடுத்திருக்கிறேன். பில்லெட்டின் நடு ஓட்டையிலிருந்து வயிற்றைச் சுற்றி மறுபக்க நடு ஓட்டைவரை, அங்குலத்தில்.