திரும்பச் சொல்லுங்கள், ஐயா

பக்கவாதப் பிரிவில் பேச்சு சிகிச்சையாளராகச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டில் ‘புரிந்துகொள்ளும் திறன் குறைவு’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அரிசி மண்டியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதியவர் அவர். கை கால்களில் பலவீனம் இல்லை, முகம் கோணவில்லை, பேச்சும் தங்குதடையின்றி ஓடியது; ஆனால் அந்தப் பேச்சில் பாதிச் சொற்கள் எழுத்து மாறி வந்தன. அன்று காலை வரிசையில் பலர் காத்திருந்ததால் பத்து நிமிடத்தில் சோதனையை முடித்துவிட நினைத்தேன். ‘நான் சொல்வதை அப்படியே திரும்பச் சொல்லுங்கள், ஐயா: நாளைக்குக் காலையில் பால்காரர் வரமாட்டார்’ என்றேன். அவர் சற்று யோசித்து, ‘பாலு... பாளு... கடையில வாங்கணும்’ என்றார். சொன்னது ஒன்று, வந்தது வேறொன்று. எனவே கட்டளை விளங்கவில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அவருடைய மனைவி என்னை வராந்தாவில் நிறுத்தினார். ‘இவுகளுக்கு எல்லாம் வெளங்குது மேடம். பால்காரர் வரலேன்னா கடையிலதான வாங்கணும், அதைத்தான் சொன்னாக. வாய்தான் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது’ என்றார். திரும்பிப் போய், அவர் வாயைத் திறக்கவே தேவையில்லாத வகையில் சோதித்தேன்: படங்களைச் சுட்டிக் காட்டுவது, தலையசைத்து ஆம் இல்லை சொல்வது, பேனாவைத் தொட்ட பிறகு கண்ணாடியைத் தொடுவது. ஏறக்குறைய ஒன்றும் தவறவில்லை. வாக்கியத்தின் பொருள் அவருக்குள் முழுமையாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அதன் ஓசை மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது. பொருளை வைத்துக்கொண்டு அவர் தம் சொந்தச் சொற்களில் ஒரு பதிலைக் கட்டியிருந்தார், அதை நான் பிழையாகக் கணக்கிட்டிருந்தேன்.

எம்ஆர்ஐ படத்தில், இடது மூளையில் காதோரமாக உள்ள பொட்டு மடலும் அதற்கு மேலே பின்புறமாக உள்ள பக்க மடலும் சந்திக்கும் இடத்துக்குக் கீழே, நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளுக்குள் இறங்கியிருந்தது இரத்தக்குழாய் அடைப்பின் தடம். அங்கே ஓடுவதுதான் ஆர்க்குவேட் ஃபசிகுலஸ் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் நரம்பிழைக் கற்றை. வில்போல் வளைந்தது என்பதே அந்த லத்தீன் பெயரின் பொருள் என்பதால், எங்கள் பிரிவில் மாணவர்களிடம் பேசும்போது வில் கற்றை என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பொட்டு மடலின் பின்பகுதியில், கேட்ட சொல்லின் ஒலி உருவம் அறியப்படும் பகுதிகளிலிருந்து புறப்பட்டு, மேலேறி, பொட்டு மடலை மேலுள்ள மடல்களிலிருந்து பிரிக்கும் சில்வியன் பிளவின் பின்முனையைச் சுற்றி வளைந்து, பக்க மடலின் அடியே முன்னோக்கிச் சென்று, நெற்றி மடலில் பேச்சின் அசைவுகளை ஒழுங்குசெய்யும் ப்ரோகா பகுதியையும் அதன் அண்டையிலுள்ள புறணியையும், அதாவது மூளையின் மேலடுக்கையும், அடைகிறது. புறப்பட்டு அடைகிறது என்பதெல்லாம் எழுத்தின் வசதிக்காகச் சொல்வது. இக்கற்றையில் செய்தி இரு திசைகளிலும் போகிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு.

பிரெஞ்சு மருத்துவர் பால் ப்ரோகா பேச்சிழப்பை நெற்றி மடலோடு இணைத்தது 1861இல். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1874இல், இருபத்தாறு வயதான ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே கேட்டலுக்கான பகுதியைப் பொட்டு மடலில் வைத்ததோடு, இவ்விரண்டையும் இணைக்கும் இழைகள் மட்டும் அறுந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டார். அந்த நோயாளிக்குப் புரியும், அவர் பேசுவார், ஆனால் சொற்களைக் குழப்புவார் என்பது அவர் ஊகம். இன்று கண்டக்ஷன் அஃபேசியா என்று வழங்குவது இதுதான். சுவையான செய்தி என்னவென்றால், திரும்பச் சொல்ல முடியாமைதான் இந்நோயின் முக்கிய அடையாளம் என்பதை வெர்னிக்கே அழுத்திச் சொல்லவில்லை. 1885இல் லிக்ட்ஹைம் என்ற ஜெர்மன் மருத்துவர் வந்துதான் அதை முன்னால் நிறுத்தினார். இணைப்பு செல்லும் வழியையும் வெர்னிக்கே முதலில், சில்வியன் பிளவுக்குள் மறைந்திருக்கும் இன்சுலா என்ற பகுதியின் வழியாகவே கற்பனை செய்திருந்தார். பிறகு பல ஆண்டுகள் மங்கிக் கிடந்த இந்தச் சிந்தனையை 1965இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் நார்மன் கெஷ்விண்ட் தமது நீண்ட கட்டுரையால் மீட்டெடுத்தார். ப்ரோகாவின் முதல் நோயாளியான லெபோர்ன் என்பவரின் மூளையை ப்ரோகா அறுக்காமலே பாதுகாத்து வைத்திருந்தார். 2007இல் அதை எம்ஆர்ஐ கருவியில் வைத்துப் பார்த்தபோது, சேதம் புறணியோடு நிற்காமல் ஆழத்தில் இந்தக் கற்றையையும் தின்றிருந்தது தெரியவந்தது.

இவற்றையெல்லாம் படித்திருந்தும், அந்தக் கற்றையைக் கண்ணால் கண்டதில்லை என்ற குறை எனக்கு இருந்தது. உடற்கூறியல் துறையில் ஒரு பேராசிரியை கிளிங்லர் முறையில் மூளையைத் தயாரிப்பதாகக் கேள்விப்பட்டு, இரண்டு மாதம் வாரம் ஒரு மாலை அங்கே போய் உட்கார அனுமதி வாங்கினேன். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஜோசப் கிளிங்லர் 1930களில் உருவாக்கிய முறை அது. ஃபார்மலினில் பல வாரங்கள் ஊறிய மூளையின் மேலுறைகளையும் இரத்தக்குழாய்களையும் உரித்துவிட்டு, ஒரு வாரத்துக்கும் மேலாக உறைய வைக்கிறார்கள். நீர் பனியாகும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் விரிவதால், இழைகளுக்கு இடையே உள்ள நீர் அவற்றை மெல்ல விலக்கிவைக்கிறது. உருகியபின் அந்த மூளை, வேகவைத்த கோழிக்கறி நார்நாராகப் பிரிவதுபோல் பிரியும். உவமை அழகில்லை, ஆனால் கையில் அப்படித்தான் இருக்கிறது.

கத்தி அங்கே உதவாது. முனை மழுங்கிய மரக்குச்சியால் சாம்பல் நிறப் புறணியைச் சுரண்டி எடுத்தால், அடுத்தடுத்த மடிப்புகளை இணைக்கும் குறுகிய வளைவு இழைகள் முதலில் தெரிகின்றன. அவற்றையும் நீக்கிக்கொண்டே ஆழத்துக்குப் போனால், முன்பின்னாக ஓடும் இழைகளின் நடுவே, ஒரு கட்டத்தில் குச்சி தானாகவே கீழ்நோக்கித் திரும்புகிறது. எனக்கு அது கிடைத்தது மூன்றாவது மாலை. பிளவின் பின்முனையைச் சுற்றி, ஈரமான பட்டு நூல் கற்றைபோல் மினுங்கிக்கொண்டு, அந்த வளைவு பொட்டு மடலுக்குள் இறங்கியது. நான் மகிழ்ச்சியில் தொடர்ந்து சுரண்டியபோது பேராசிரியை என் கையைப் பிடித்தார். ‘போதும்மா. இதுக்கு மேல எடுத்தா வளைவு இன்னும் அழகா வரும். ஆனா அது மூளையில இருக்கிற வளைவு இல்ல, நீ செதுக்கின வளைவு’ என்றார். குறுக்கே போன எத்தனையோ இழைகளை, நமக்கு வேண்டாதவை என்று அந்த மூன்று மாலைகளில் நான் தட்டில் போட்டிருந்தேன்.

ஸ்கேனில் தெரியும் வண்ண வளைவுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். டிஃப்யூஷன் எம்ஆர்ஐ இழைகளைப் படம் பிடிப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எளிதாக நகர்கின்றன என்பதை அது அளக்கிறது. மையலின் என்ற கொழுப்புறை போர்த்திய இழைகளின் ஓரமாக நீர் நெடுக்காக ஓடும், குறுக்கே தடைப்படும். மென்பொருள் அந்தத் திசைகளைக் கோத்துக் கோடு வரைகிறது. முன்பின் திசைக்குப் பச்சை, மேல்கீழ் திசைக்கு நீலம், இடவலத் திசைக்குச் சிவப்பு என்பது வழக்கம். எனவே வில் கற்றை பச்சையாக வந்து, வளைந்து, நீலமாக இறங்கும். ஆனால் இரண்டு மில்லிமீட்டர் கனசதுரம் ஒன்றுக்குள் லட்சக்கணக்கான இழைகள் இருக்கக்கூடும். அவை ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் மென்பொருள் தடுமாறி, இருக்கும் இழையை விட்டுவிடும், இல்லாத இழையை வரைந்தும் விடும். அப்படியிருந்தும் இந்த முறையால் கிடைத்த அறிவு சிறியதல்ல. 2005இல் கட்டானி என்ற ஆய்வாளரும் உடனிருந்தோரும் இந்தக் கற்றையில் நேரடியான நீண்ட பாதை ஒன்றும், அதற்கு வெளிப்புறமாக, பக்க மடலின் கீழ்ப்பகுதியில் இறங்கி ஏறும் இரண்டு குறும்பாதைகளும் இருப்பதாகக் காட்டினார்கள். பெங்களூருக்கு நேரே போகும் விரைவு வண்டியும், இடையில் சேலத்தில் மாறிப்போகும் வழியும் ஒரே தடத்தை ஒட்டி இருப்பதுபோல என்று மாணவர்களிடம் சொல்வேன். எந்தப் பாதை அறுந்தது என்பதைப் பொறுத்து நோயின் சாயல் மாறலாம். பக்க மடலின் அந்தப் புறணி மட்டுமே பழுதானாலும் கண்டக்ஷன் அஃபேசியா வருகிறது, கற்றை பழுதாகியும் ஓரளவு திரும்பச் சொல்பவர்களும் உண்டு. இரண்டு ஊர்களை இணைக்கும் கம்பி அறுந்தது என்ற பழைய சித்திரம் எனக்கு இப்போது போதவில்லை.

எனக்குப் போதுமான சித்திரத்தை மண்டிக் கணக்கர்தான் கொடுத்தார். தலையணைப் படத்தைக் காட்டினால் அவர், ‘தனையலை... இல்ல. தயலணை... இல்ல இல்ல. தலை... தலையனை... தலையணை’ என்பார். ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் வரும் அந்த ‘இல்ல’தான் கவனிக்க வேண்டியது. பிழை என்று அவர் காதுக்குத் தெரிகிறது. பொட்டு மடலில் கேட்டலுக்கான வெர்னிக்கே பகுதியே சிதைந்த நோயாளிக்கு அது பெரும்பாலும் தெரியாது. எது பிழை என்று தெரிந்தும், அதைத் திருத்துவதற்கான துல்லியமான ஒலி வரைபடம் வாய்க்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. எனவே அவர் சொல்லிப் பார்த்து, கேட்டுப் பார்த்து, தட்டுத் தடுமாறி நெருங்குகிறார். காது வைத்திருக்கும் அளவுகோலில் வாய் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டின் முக்கியமான தடம் இந்தக் கற்றை என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். பிறந்த குழந்தையிடம் இதில் ப்ரோகா பகுதி வரை நீளும் பங்கு இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் மெல்ல முதிர்கிறது. சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று நாம் ஏளனமாகச் சொல்வது, உண்மையில் மூளை பாடுபட்டுக் கட்டும் திறன்களில் ஒன்று.

தமிழில் இதைச் சோதிப்பது தனிக் கலை. சொல் நீள நீளப் பிழை கூடும் என்பது இந்நோயின் இயல்பு. நம் வினைச்சொற்களோ விகுதி மேல் விகுதி ஏறி நீள்பவை. ‘வந்தார்’ என்பதைக் கணக்கர் பிசகாமல் சொன்னார், ‘வந்துகொண்டிருந்தார்களாம்’ என்பதில் நடுவே நொறுங்கினார். ‘தபிரு’ போன்ற பொருளற்ற ஒலிக்கோவைகள் குட்டையாக இருந்தும் அவருக்கு இன்னும் கடினம், ஏனெனில் பொருள் வழியாகச் சுற்றிப்போய்ச் சொல்லைப் பிடிக்கும் மாற்றுப்பாதை அங்கே இல்லை. எண்களில் வேறொரு விந்தை: எழுத்து மாறாமல் எண்ணே மாறும். ஐந்து என்றால் ஒன்பது என்பார், உடனே தலையில் அடித்துக்கொள்வார். கணக்கையே தொழிலாகக் கொண்டவருக்கு அது எவ்வளவு அவமானமாக இருந்தது என்பதை நான் எழுதி விளக்க வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின், நோயாளி விழித்திருக்கையில் செய்யும் மூளைக் கட்டி அறுவைகளில் எனக்கு வேலை வந்தது. தலைத்தோலை மரக்கச்செய்து மண்டை ஓட்டைத் திறந்தபின், வலி உணராத மூளையில் அறுவை மருத்துவர் சில மில்லியாம்பியர் மின்னோட்டத்தைச் சில வினாடிகள் செலுத்துவார். நான் துணித்திரைக்கு இப்பால் படங்களைக் காட்டி, ‘இது...’ என்று தொடங்கிப் பெயர் சொல்ல வைப்பேன். வில் கற்றையைத் தொட்டால் ஒலி சிதறும், இன்சுலாவுக்கு அடியில் ஓடும் கீழ்வழிக் கற்றையைத் தொட்டால் பொருள் நழுவி வேறு சொல் வரும் என்பது பிரான்ஸில் அறுவை மருத்துவர் டுஃபோவின் குழு பல நோயாளிகளிடம் காட்டிய வேறுபாடு. எது நேர்ந்தது என்று நான் ஒரு நொடியில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் மருத்துவரின் கை நிற்கும் அல்லது போகும்.

என் முதல் அறுவையில் ஓர் இளம்பெண் கத்திரிக்கோல் படத்தைப் பார்த்து ‘கத்தி’ என்றார். நான் விழித்தேன். சொல் பாதியில் அறுந்ததா, அல்லது வெட்டும் கருவிகளில் வேறொன்று வந்ததா? மருத்துவர் ‘சவுண்டா, மீனிங்கா?’ என்று கேட்க, ‘தெரியவில்லை, சார், மறுபடி’ என்றேன். இரண்டாம் முறை, கோப்பைப் படத்துக்கு ‘போக்கை’ என்று வந்தது. ஒலிதான் சிதறுகிறது என்று அப்போது தெளிவாயிற்று, மருத்துவரும் அந்த இடத்தில் ஓர் எண் ஒட்டிவிட்டு விலகினார். அன்று மாலையே கத்திரிக்கோலைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். வாழைப்பழத்தை எடுக்க மனமில்லை. ஆனால் அறுவைக்கு முந்தைய நாள் ஒவ்வொருவரும் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதிவைக்கிறேன். மதுரைப் பக்கத்தில் ‘வாளப்பளம்’ என்பதும் வடசென்னையில் ‘வாயப்பயம்’ என்பதும் அவர்கள் பேச்சு. அதை மின்னோட்டத்தின் விளைவென்று நான் கூவிவிட்டால், எடுக்க வேண்டிய கட்டியில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும்.

கணக்கர் ஒன்பது மாதம் வந்துபோனார். சொல்வதை அசை அசையாக விரல்விட்டு எண்ணி, தொடையில் தட்டிக்கொண்டே சொல்வது அவருக்கு உதவியது. கைபேசி எண்களை மட்டும் கடைசிவரை வாயால் சொல்லாமல், எழுதிக் காட்டியே சமாளித்தார். கடைசி வருகையில் பழைய வாக்கியத்தையே மறுபடி கேட்டேன். தொடையில் தட்டத் தொடங்கியவர் பாதியில் கையை நிறுத்தி, மனைவியைப் பார்த்துச் சிரித்து, ‘அதான் கடையில வாங்கியாச்சே’ என்றார். விதிப்படி அதற்கு மதிப்பெண் பூச்சியம். பூச்சியம் என்று போட்டு, அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே அதன் பக்கத்தில் எழுதினேன்.