மூடியின் மரை

"இது உப்புதானே சார்?"

"உப்பு வகைதான் அக்கா."

எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தைப் பெருக்கும் அக்காவிடம் நான் சொன்னது அவ்வளவுதான். வேதியியல்படி அதில் பிழை இல்லை. சோடியம் குளோரைடில் குளோரின் இருக்கும் இடத்தில் ஃபுளோரின் இருந்தால் அது சோடியம் ஃபுளோரைடு. வெள்ளைத் தூள், மணம் கிடையாது, தண்ணீரில் கரையும். அப்போது நான் தராசின் முன் குனிந்து 2.21 கிராம் நிறுத்துக்கொண்டிருந்தேன். அதை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால், லிட்டருக்கு 1000 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள ஸ்டாண்டர்டு கரைசல், அதாவது மற்ற நீரை ஒப்பிட்டு அளக்க உதவும் கரைசல், கிடைக்கும். எடை பிசகிவிடக் கூடாதே என்று தலை நிமிராமலேயே பதில் சொன்னேன். தலை நிமிர்ந்திருந்தால் "விஷம்" என்று சொல்லியிருப்பேன் என்றே நம்ப விரும்புகிறேன்.

இரண்டு வாரம் கழித்து, காலாவதியான பழைய சோடியம் ஃபுளோரைடு புட்டி ஒன்றைக் காலி செய்து ஜன்னலோரம் வைத்தேன். மறுநாள் அது அங்கே இல்லை. காலி டப்பாக்களை வீட்டுக்கு எடுத்துச் செல்வது எங்களிடம் பழகிப்போன ஒன்று. நானே பலமுறை "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். அகன்ற வாய், இறுக்கமான மூடி, அரைக் கிலோ பிடிக்கும் பிளாஸ்டிக். யாருக்குத்தான் மனம் வரும், தூக்கி எறிய?

"கல்லுப்பு போட்டு வைத்திருக்கிறேன் சார். லேபிளை ஊறவைத்து உரித்துவிட்டு நன்றாகக் கழுவினேன்."

அந்த லேபிளில்தான் மண்டையோடு இருந்தது.

ஒரு சோதனைக்கு அந்த டப்பா வேண்டும் என்று பொய் சொல்லித் திரும்பக் கொண்டுவரச் செய்தேன். அன்று மாலையே ஒரு எவர்சில்வர் சம்புடம் வாங்கிக் கொடுத்தேன். அக்கா மகிழ்ந்துபோனார். உண்மையை ஏன் சொல்லவில்லை? பயந்துபோவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து வயதுப் பேரன் இருக்கும் வீடு. அன்றிரவு யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். அதுவும் உண்மைதான். விஷயம் மேலே போனால் காலி புட்டியை ஜன்னலில் வைத்தது யார் என்ற கேள்வி வரும். அதுவும் உண்மைதான்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், நம் சேலத்தின் பெயரையே கொண்ட ஊரில், 1942இல் ஒரு மனநல மருத்துவமனையின் சமையலறையில் கரப்பான்பூச்சி மருந்தாக வைத்திருந்த சோடியம் ஃபுளோரைடைப் பால் மாவு என்று எண்ணி முட்டையில் கலந்துவிட்டார்கள். 47 பேர் இறந்தார்கள். வயிற்று அமிலத்தில் அது ஹைட்ரஜன் ஃபுளோரைடாக மாறும். ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயத் துடிப்பு தடுமாறும். படித்த நாளில் இந்த விவரங்கள்தான் என் மனதில் பதிந்தன. இப்போது நினைவுக்கு வருவது வேறு. நடந்தது இன்னதென்று உணர்ந்த பிறகும், சமையலறையில் இருந்தவர்கள் பயத்தில் சில நாள்கள் வாய் திறக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 மில்லி நீரில் சுமார் 4 கிராம் கரையும் பொருள் இது; நன்றாகக் கழுவியிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ளே போனாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பார்கள். 15 கிலோ குழந்தைக்கு அந்த அளவை எட்ட இந்தத் தூளில் கால் கிராம்கூட வேண்டாம். டப்பாவிலிருந்து அவ்வளவு போயிருக்க வழியே இல்லை. ஏறக்குறைய இல்லை.

இந்தக் கணக்கை விட்டு என்னால் நகர முடியாததற்குக் காரணம் அந்த மூடி. திரும்பி வந்த டப்பாவைத் திறந்தபோது, மூடியின் மரைக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. கல்லுப்பாக இருக்கலாம். அக்காவின் ஈரக் கை பட்ட உப்பு அப்படித்தான் படியும். ஃபுளோரைடை அளக்கும் கருவி நான்கு அடி தள்ளி இருந்தது. ஊர் ஊராக வரும் தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் இருந்தாலும் கண்டுபிடித்து எழுதுபவன் நான். அந்த மூடியை நான் சோதிக்கவில்லை. குழாயடியில் தேய்த்துக் கழுவினேன், கத்தரியால் வெட்டினேன், குப்பையில் போட்டேன்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் நெஞ்சில் முட்டுகிறது. அக்காவின் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு. அனுமதிக்கத்தக்க உச்ச அளவு 1.5. அதைச் சிறு வயதிலிருந்து குடித்துத்தான் அவர் பற்களில் அந்தக் காவிக் கோடுகள். நாளுக்கு மூன்று லிட்டர் குடித்தால் 9 மில்லிகிராம். 20 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடில் இருப்பதும் அதே அளவுதான். மரையில் இருந்த தூள் அதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். அப்படியானால் எதற்காக நடுங்கினேன்? அந்தத் தண்ணீருக்கு "குடிக்க உகந்ததல்ல" என்று பல முறை கையெழுத்திட்டிருக்கிறேன். ஒரு நாளும் கை நடுங்கியதில்லை.

போன வாரம் அக்கா ஊரிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒகேனக்கல் தண்ணீர் வராத நாள்களில் இன்னும் அதைத்தான் குடிக்கிறார்கள்.

"எவ்வளவு சார்?"

"3.1, அக்கா."

"சம்புடத்தில் உப்பு கசிவதே இல்லை சார்" என்று சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.