வெங்காயம் என் பொறுப்பு

கிப்ஸ்லாந்துக்கு நாங்கள் குடிவந்தது 2018இல். விக்டோரியா மாநிலத்தின் கிழக்குப் பக்கம், மெல்பேர்ணில் இருந்து காரில் இரண்டு மணி நேரம். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை, கணவருக்குப் பால் தொழிற்சாலையில். ஊரில் வேறு தமிழ்க் குடும்பம் இல்லை. முதல் வருடம் முழுக்க எல்லோரும் அன்பாகத்தான் கதைத்தார்கள். ஆனால் எந்த நாடு, குளிர் பழகிவிட்டதா என்ற இரண்டு கேள்விகளோடு கதை முடிந்துவிடும்.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, செவ்வாய் பின்னேரம் சமூக சேவை செய்யும் றோட்டரிக் கழகத்தின் கூட்டத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். தயங்கினேன். யாழ்ப்பாணத்தில் றோட்டரி என்றால் டொக்டர்மாரும் முதலாளிமாரும் கூடும் இடம், அதுவும் ஆண்கள் கூடும் இடம் என்றுதான் மனதில் பதிந்திருந்தது. அதைச் சொன்னேன். பெண்களும் சேரலாம் என்று உலக அளவில் விதியை மாற்றியதே 1989இல்தான், அதற்கு முன் தன் கணவர் மட்டும்தான் உறுப்பினர் என்றார். சரி, ஒரு நாள் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்பின் பின் அறை. ஆறரைக்குத் தலைவர் சின்ன மணி ஒன்றைத் தட்டினார். முதல் வார்த்தை, அந்த மண்ணின் ஆதி உரிமையாளர்களான குணைகுர்ணை மக்களுக்கு மரியாதை. சொந்தக் காணிக்குள் போக முடியாமல் வருடக்கணக்காகக் காத்திருந்த குடும்பம் எங்களுடையது. அந்த ஒரு வரி எனக்குச் சடங்காகப் படவில்லை.

அதற்குப் பிறகு சாப்பாடு, விருந்தினர் பேச்சு, அதிர்ஷ்டச் சீட்டு. எனக்கு மிகவும் பிடித்துப் போனது தண்டப்பண நேரம். அதற்கென்றே ஒருவர் இருக்கிறார், சார்ஜன்ட் என்பார்கள். தகர டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக வருவார். பேரப்பிள்ளை பிறந்தால் ஒரு டொலர், ஆதரிக்கும் ஃபுட்போல் அணி தோற்றால் ஒரு டொலர். சந்தோஷச் செய்தி இருந்தால் நாமாகவே எழும்பிச் சொல்லிவிட்டுக் காசு போடலாம். ஒரு மணி நேரத்துக்குள் யார் வீட்டில் சத்திரசிகிச்சை, யார் பசு கன்று போட்டது, யார் மகள் ஊர் திரும்பியிருக்கிறாள் என்று எல்லாம் தெரிந்துவிடும். எங்கள் ஊர் வாசிகசாலைத் திண்ணையில் பின்னேரம் நடந்ததும் இதுதான்.

வீட்டுக்கு வந்து, இது எப்படித் தொடங்கியது என்று தேடி வாசித்தேன். 1905இல் சிக்காகோவில் போல் ஹரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு தொடங்கியிருக்கிறார். வேர்மொன்ட் மாநிலத்தின் சின்ன ஊர் ஒன்றில் வளர்ந்தவர், பெரிய நகரத்தில் அந்தச் சிநேகிதத்தைத் தேடியிருக்கிறார். ஒவ்வொருவரின் அலுவலகத்திலும் மாறி மாறிக் கூடியதால்தான் றோட்டரி என்ற பெயர். 1921இல் அது மெல்பேர்ணுக்கு வந்துவிட்டது. ஊர் விட்டு ஊர் வந்தவர் தொடங்கிய கழகம் என்று தெரிந்ததும் எனக்கிருந்த கூச்சம் பாதி போய்விட்டது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வீட்டு வேலைச் சாமான்கள் விற்கும் பன்னிங்ஸ் கடை வாசலில் சொசேஜ் சுட்டு விற்போம். ஒரு பாண் துண்டு, ஒரு சொசேஜ், வதக்கிய வெங்காயம், சோஸ். வரும் பணம் பள்ளிக்கூடத்துக்கோ நோயாளிகளை ஏற்றி இறக்கும் காருக்கோ போகும். மாட்டிறைச்சியை நான் தொடுவதில்லை என்று சொன்னேன். யாரும் காரணம் கேட்கவில்லை, ஏப்ரனைக் கட்டிவிட்டு வெங்காயத்தை என்னிடம் தந்தார்கள். அன்றிலிருந்து அது என் பொறுப்பு. வழுக்கிக் கீழே விழாமல் இருக்க வெங்காயத்தைச் சொசேஜுக்கு அடியில் வைக்க வேண்டும் என்று பன்னிங்ஸ் 2018இல் சொன்னபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. நான் இன்றும் அடியில்தான் வைக்கிறேன்.

ஓடைக்கரையில் மரம் நடுவதும் பூங்காவைத் துப்புரவாக்குவதும் இங்கே வேர்க்கிங் பீ. எங்களுக்குச் சிரமதானம். 2019 கடைசியில் கிழக்கு கிப்ஸ்லாந்து பற்றி எரிந்து, வீடு விட்டு வந்தவர்கள் எங்கள் ஊர் மண்டபத்தில் தங்கியபோது நான் ஒரு பெரிய பானை பருப்பும் சோறும் கொண்டுபோனேன். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு என்ன தேவை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சூடான சோறு, போன் சார்ஜர், கதவு உள்ள ஒரு குளியலறை.

ஒக்டோபர் 24 உலக போலியோ தினம். 1985இல் இருந்து றோட்டரி கையில் எடுத்திருக்கும் பெரிய வேலை போலியோ ஒழிப்பு. ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும்தான் அது இன்னும் விடாமல் நிற்கிறது. ஒரு வருடம் அந்த வாரக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். போர் நடந்த காலத்தில், ஒன்பது வயதில், கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சொட்டு மருந்துக்குப் போனதைச் சொன்னேன். அன்றைக்குச் செல் குண்டு விழாது, பயப்படாமல் போ என்று அம்மம்மா அனுப்பிவைத்தார். ஏன் விழாது என்று அப்போது தெரியாது. பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் நாட்களில் இரு தரப்பும் சண்டையை நிறுத்த யுனிசெஃப் வழியாகப் பேசி ஒப்புக்கொள்ள வைத்தவர்களில் கொழும்பு றோட்டரிக் கழகத்தின் கே. ஆர். ரவீந்திரனும் ஒருவர் என்பது, இந்தப் பேச்சுக்குத் தயார் செய்யும்போதுதான் தெரிய வந்தது. 2015-16இல் உலக றோட்டரியின் தலைவராக இருந்தவர் அவர்.

பேசி முடித்தபோது அறையில் சத்தமில்லை. பிறகு சார்ஜன்ட் டப்பாவோடு எழும்பி நேராக என் மேசைக்கு வந்தார். தம்பி இப்போது எங்கே என்று கேட்டார். டொரொன்டோவில், இரண்டு பிள்ளைகள், ஞாயிறு தவறாமல் கிரிக்கெட் விளையாடுகிறான் என்றேன். தன் சட்டைப் பையில் இருந்து ஐந்து டொலர் தாளை எடுத்து, அவன் பேரில் டப்பாவுக்குள் போட்டார்.