30 பேர் போதும் என்று நினைத்திருந்தேன்

மூட்டுத் தேய்மானத்தால் வரும் முழங்கால் வலிக்குப் புதிய உடற்பயிற்சி முறை ஒன்று, வழக்கமான பயிற்சியைவிட வலியை அதிகம் குறைக்கிறதா? இதுதான் என் மேற்படிப்பு ஆய்வு. புதிய முறைக்கு ஓர் அணி, வழக்கமான பயிற்சிக்கு ஓர் அணி. சாம்பிள் சைஸ், அதாவது எத்தனை பேரைச் சேர்ப்பது என்ற இடத்தில் அணிக்கு 30 பேர் என்று எழுதியிருந்தேன். எனக்கு முந்தைய ஆய்வேடுகளில் அப்படித்தான் இருந்தது. வேறு காரணம் கிடையாது.

புள்ளியியல் மேடம் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு அணிக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் போறீங்க, டாக்டர்?"

"எவ்வளவு இருந்தாலும் சரி, மேடம்."

"வித்தியாசம் பாதியாகக் குறைந்தால் ஆட்கள் நாலு மடங்கு ஆவாங்க. முதலில் அதை முடிவு பண்ணிட்டு வாங்க."

கையால் போடக்கூடிய ஒரு கணக்கையும் சொல்லிக்கொடுத்தார். திட்ட விலக்கத்தை (மதிப்பெண்கள் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) எதிர்பார்க்கும் வித்தியாசத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 16-ஆல் பெருக்கினால் ஓர் அணிக்கு எத்தனை பேர் என்று ஏறக்குறைய வந்துவிடும். இது 5% முக்கியத்துவ அளவுக்கும் 80% பவருக்கும் பொருந்தும். முக்கியத்துவ அளவு என்றால், வித்தியாசமே இல்லாதபோது இருப்பதாகத் தவறாகச் சொல்லிவிடும் வாய்ப்பு. பவர் என்றால், வித்தியாசம் உண்மையிலேயே இருக்கும்போது அதை நம் ஆய்வு பிடித்துவிடும் வாய்ப்பு.

திட்ட விலக்கத்தை முந்தைய கட்டுரைகளிலிருந்து எடுக்க வேண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது. சில கட்டுரைகளில் ± குறிக்குப் பக்கத்தில் இருப்பது திட்டப் பிழை, அதாவது சராசரி எவ்வளவு துல்லியம் என்று காட்டும், திட்ட விலக்கத்தைவிடச் சிறிய எண். அதைத் திட்ட விலக்கம் என்று எடுத்துவிட்டால் சாம்பிள் கையளவுக்குச் சுருங்கிவிடும். ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து அதால் பெருக்கினால்தான் திட்ட விலக்கம் கிடைக்கும். அப்படிச் சரிபார்த்து, நூறு மதிப்பெண் கொண்ட வலி அளவுகோலில் 20 என்று வைத்துக்கொண்டேன்.

வித்தியாசம் 15 என்று போட்டுப் பார்த்தேன். அணிக்கு 29 பேர் வந்தது. நான் ஏற்கெனவே எழுதிய 30-க்குப் பக்கத்தில்! அப்படியே எழுதிவிடலாம் என்று கை துடித்தது. ஆனால் 15 எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. அப்புறம் ஒரு வாரம் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து, "வலி எவ்வளவு குறைந்தால் உங்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும்?" என்று வந்தவர்களிடம் அளவுகோலைக் காட்டிக் கேட்டேன். ஓர் அம்மா 60-இல் விரலை வைத்து, 50 வரைக்கும் நகர்த்தினார். "இவ்வளவு குறைஞ்சா போதும் டாக்டர், கைப்பிடியைப் பிடிக்காம மாடிப்படி ஏறிடுவேன்." பலரும் அதையொட்டித்தான் சொன்னார்கள். கட்டுரைகளில் பார்த்ததும் அதற்கு ஒத்துப்போனது.

வித்தியாசம் 10 என்றால் அணிக்கு 64 பேர். பழைய 30-ஐ வைத்து இதே வித்தியாசத்துக்குப் பவர் பார்த்தேன், 50%-ஐக்கூடத் தொடவில்லை. நன்றாக வேலை செய்யும் பயிற்சியை 'பலனில்லை' என்று நானே எழுதி மூடியிருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. அத்தனை பேர் மாதக்கணக்கில் வந்து போவதற்கு அது நியாயமே இல்லை.

128 பேரைச் சேர்க்க எனக்கு நேரம் இல்லை. மேடமிடம் சொன்னதும், தொடக்க வலி மதிப்பெண்ணையும் பகுப்பாய்வில் சேர்க்கச் சொன்னார். தொடக்க மதிப்பெண்ணுக்கும் இறுதி மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு) 0.5 என்றால், தேவையான எண்ணிக்கை கால் பங்கு குறையும். 64 என்பது 48 ஆனது, பவர் குறையாமலே.

பாதியில் விலகுபவர்களுக்கு 15% ஒதுக்கினேன். 48-உடன் 15% கூட்டி 56 என்று எழுதியிருந்தேன். மேடம் அடித்துவிட்டு 0.85-ஆல் வகுக்கச் சொன்னார். 57. ஒரே ஓர் ஆள்தான் வித்தியாசம், ஆனால் 56 பேரில் 15% போனால் 48 மிஞ்சாது. ஆக மொத்தம் 114 பேர்.

நெறிமுறைக் குழுவில் சூத்திரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "வித்தியாசம் ஏன் 10?" என்று மட்டும் ஒருவர் கேட்டார். மாடிப்படி ஏற நினைத்த அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன்.