தூர் இல்லாத வயல்

அந்தப் பெரியவர் குனிந்த விதம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

தலையில் மாட்டும் விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டில் ஓடியது அவருடைய சொந்த வயல். மூன்று மா, சம்பா, சி.ஆர். 1009 ரக நெல். ட்ரோன் படங்களை ஒட்டி உருவாக்கியிருந்தோம். ஒரு மூலையில் திட்டாகப் பயிர் வெளிறியிருந்தது. பயிரின் தெம்பைக் காட்டும் என்.டி.வி.ஐ. வரைபடத்தில் அந்த இடம் சிவப்பு. "இங்க தழைச்சத்து குறைவா இருக்கு ஐயா" என்றேன். அவர் பதில் சொல்லாமல் அந்தத் திட்டுக்கு நடந்துபோய், குனிந்து, இரண்டு கையாலும் பயிரை விலக்கினார். கை காற்றில் அலைந்தது, தலை பயிருக்குள் போய்விட்டது. எங்கள் திரையில் வெறும் சாம்பல் நிறம்.

"அடியில ஒண்ணுமே இல்லையே தம்பி."

நான் சிரித்தேன். "மேல மட்டும்தான் ஐயா வரும். ட்ரோன் மேலேருந்துதானே எடுக்குது."

சொன்னதில் பொய் இல்லை. அந்த மாதிரி வயல் ஒரு போர்வைதான். தூக்கிப் பார்த்தால் கீழே தண்டும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. என்.டி.வி.ஐ.யும் அப்படித்தான். சிவப்பொளியையும் அண்மை அகச்சிவப்பையும் இலை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதை வைத்து, பயிர் தெம்பாக இருக்கிறதா என்று சொல்லும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று சொல்லாது. மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்கிற விஷயம். அன்று சொல்லவில்லை. ஆய்வுக்குழு வந்திருந்தது, பின்னால் இன்னும் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள்.

மறுநாளே அவர் மகன் அந்தத் திட்டுக்கு யூரியா போட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தார்: "வட்டமா தீஞ்சு போச்சு சார்." புகையான். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி. தழைச்சத்து கூடினால் அதற்குக் கொண்டாட்டம். தூரை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

யூரியா போடு என்று நான் சொல்லவில்லை. குறைவு என்றுதான் சொன்னேன். (இந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! குறைவு என்று கேட்டவர் வேறென்ன செய்வார்?) அந்த வருடம் பக்கத்து வயல்களிலும் புகையான் இருந்தது. பெரியவர் வீட்டில் நடவின்போது எட்டடிக்கு ஓரடி இடைவெளியாகப் பட்டமும் விடவில்லை. அன்று பூச்சி இருந்ததா, பிறகு வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் பூச்சியியல் நண்பர். சரி. ஆனால் பெரியவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் குனிய வேண்டும்? இருந்தால் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றும் தோன்றுகிறது. ஹெட்செட்டும் கையுமாக ஒரு சார் வந்து நின்று சொன்ன பிறகு அவர் எப்படிச் சொல்வார் என்று அடுத்த நிமிடமே தோன்றுகிறது.

நான் விஆர் ஆய்வகத்திலிருந்து விவசாயத்துக்கு வந்தவன். திரையில் ஓடும் படம் விநாடிக்கு 90 பிரேமுக்குக் கீழே போனால் தலை சுற்றுமே என்பதுதான் எங்களுடைய பெரிய கவலை. அன்று யாருக்கும் தலை சுற்றவில்லை. வெற்றி என்றே குறித்து வைத்தேன். கட்டுரையில், குறைபாடுகள் பகுதியில், 'பயிரின் அடிப்பகுதி பதிவாகவில்லை' என்று ஒரு வரி உண்டு. அவர் சொன்னதுதான் அது. நன்றி பகுதியில் அவர் இல்லை.

போன மாதம் பழைய பதிவுக் கோப்பைத் திறந்தேன். ஹெட்செட் தலையின் உயரத்தையும் குறித்துக்கொண்டே இருக்கும். 11 விநாடி அவர் தலை முழங்கால் உயரத்தில் இருந்திருக்கிறது. அப்புறம் நிமிர்கிறார், பதிவு முடிகிறது. ஹெட்செட்டைக் கழற்றியது அவரா நானா என்பது அதில் இல்லை.